வெறும் காணியில் ஒரு மாடிவீடு

மன்னார் கடைத்தெருவில், இரண்டு கடைகளுக்கு நடுவே ஒடுக்கமாக உள்நோக்கிப் போகும் ஒரு துண்டுக் காணி எங்களுக்கு இருந்தது. உம்மா, அவருடைய தம்பியான மாமா, இருவருக்கும் மூத்த ராத்தாவான பெரியும்மா ஆகிய மூவருக்கும் பொதுவானது. தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்ன காலத்தில் அதில் ஒரு ஓட்டு வீடு இருந்ததாம். புத்தளத்தில் பிறந்த நான் வந்து பார்த்தபோது அங்கே பற்றைக்காடுதான் இருந்தது.

மாமா அப்போதுதான் கட்டடம் வரையப் படித்து முடித்திருந்தார். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கொரு கோழிக்கூடுதான் மிஞ்சும், உயர்த்திக் கட்டினால் மூன்று குடும்பமும் இருக்கலாம் என்றார். கீழே கடை, மேலே தட்டுக்கு ஒரு வீடு, நடுவில் காற்று இறங்க ஒரு திறந்த முற்றம். படத்தைப் பார்த்து உம்மா பூரித்துப்போனார். பெரியும்மாதான் அசையவில்லை. தன் பங்கை விற்றுவிட்டுப் புத்தளத்திலேயே இருந்துவிடுவதாகச் சொல்லியனுப்பினார். அவர் விற்றால் மீதித் துண்டில் அந்தக் கட்டடம் நிற்காது.

மாமா ஒரு உபாயம் செய்தார். பெரியும்மாவை ஒருநாள் வரவழைத்தார். அவர் வருவதற்குள் காணியைத் துப்புரவாக்கி, அவருக்கென்று நினைத்திருந்த முதலாம் தட்டு வீட்டைச் சுண்ணாம்புத் தூளால் நிலத்தில் முழு அளவில் கீறிவைத்தார். அறைக்கு ஒரு பாய், விறாந்தைக்கு ஒரு கதிரை. கோட்டைத் தாண்டினால் தெருவில் விழுந்துவிடுவேன் என்று நம்பி நான் கரைப்பக்கம் போகவே இல்லை. ஒரு கழுதை மட்டும் பயமில்லாமல் குளியலறைக்குள் நுழைந்து, சுவரை மிதித்து அழித்துவிட்டுப் போனது. மாமா திரும்பவும் கீறினார்.

அஸர் தொழுகை முடிந்து பெரியும்மா வந்தார்.

“படியேற என்ர முழங்கால் விடாது, தம்பி. நான் மௌத்தானா மையத்தை அடக்கக் கொண்டுபோக எப்பிடி இறக்குவாய்?”

“அதுக்கும் பார்த்துத்தான் படியை அகலமா வச்சிருக்கிறன், ராத்தா. முதல்ல உள்ள வாங்கோ.”

மாமா ஒவ்வொரு அறையாகக் காட்டினார். பெரியும்மா கொஞ்சத் தூரம் கூட வந்துவிட்டு நடுவில் நின்றார். நிலத்தைப் பார்க்காமல் பக்கத்து மதிலையும் பள்ளிவாசல் மினாராவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாமாவின் கோடுகளை மிதித்தபடி தன்பாட்டில் நடக்கத் தொடங்கினார். ஓரிடத்தில் தலையைக் குனிந்து, காலைத் தூக்கிவைத்தார்.

“பெரியும்மா, அது சுவர்!” என்று கத்தினேன்.

“இல்ல மகள், இதால போகலாம்.”

மாமா ஏசுவார் என்று பார்த்தேன். அவர் ராத்தாவுக்குப் பின்னால் போனார்.

“இதில என்ன இருந்தது, ராத்தா?”

“எங்கட உம்மாட குசினி. வாசல் பதிவு, உயரம் காணாது. வாப்பா ஒவ்வொருநாளும் தலையை இடிச்சிட்டு ஏசுவார்.”

“எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல.”

“உனக்கு எப்பிடி இருக்கும்? இந்த மூலையிலதான் உன்னை நித்திரையாக்க ஏணை கட்டியிருந்தது.”

மாமா குந்தியிருந்து, தான் கீறிய சுவரை உள்ளங்கையால் அழித்தார். பிறகு சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு, ராத்தா நடந்த வழியெல்லாம் புதிதாகக் கோடு போட்டுக்கொண்டே போனார். உம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றார். மாமாவின் நேர்க்கோடுகளில் பாதி போய்விட்டன. அவ்வளவு கெட்டிக்கார மாமா இப்படித் தோற்றுவிட்டாரே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

போகும்போது பெரியும்மா சொன்னது இவ்வளவுதான்: “கட்டு, தம்பி. நான் வாறன்.”

கட்டடம் எழும்பிவிட்டது. முதலாம் தட்டில் பெரியும்மா இருக்கிறார். குசினிக்குப் போகும் வழி ஏன் அப்படித் திரும்புகிறது என்று கேட்பவர்களிடம், காற்றுக்காக வைத்தது என்று மாமா சொல்லிவிடுவார்.

கோடு கீறிய அன்று பெரியும்மா மறுபடியும் அந்த இடத்தால் வந்து, ஆகாயத்தைத் தவிர மேலே ஒன்றுமில்லாத வெளியில் தலையைக் குனிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அவருடைய சீலையைப் பிடித்துக்கொண்டு, அவர் குனிந்த இடத்தில் குனிந்து, கால் தூக்கிய இடத்தில் தூக்கி, பின்னாலேயே போனேன். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். நான் பிறக்குமுன்பே இல்லாமல்போன வீட்டுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.