சீனச் சாடிக்குச் சீன வெடி

எங்கள் பக்கத்தில் சீனா என்றால் வெடிதான். சிவப்புத் தாள் சுற்றிய சின்ன வெடிக்குச் சீன வெடி என்று பேர். அதனால் அத்தை வைத்திருந்த சீனச் சாடியையும் வெடிக் கம்பெனிகள் இருக்கும் திருத்தங்கலுக்கு அந்தப் பக்கம் எங்கோதான் செய்திருப்பார்கள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. வெளியூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ்; லீவு கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சீனாவிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து வேலை பார்த்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர், சொந்த ஊருக்குத் திரும்பும்போது அந்தச் சாடியை அத்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஏதோ ராஜா காலத்துச் சாமானாம். கப்பலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். பால் வெள்ளையில் நீல மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவரும். ஒருமுறை அம்மா விவரம் தெரியாமல் அதில் உப்பு நார்த்தங்காய் போட்டு வைத்துவிட்டாள். அத்தை நார்த்தங்காயை வேறு சட்டிக்கு மாற்றினாள். சாடியைக் கழுவித் துடைத்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அத்தைக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. வெடிக் கம்பெனி மேனேஜர் ஒருவர் பெண் கேட்டு வந்திருந்தார். மனைவியை இழந்தவர். கை நிறையச் சம்பளம், மோட்டார் சைக்கிள். அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. எங்களுக்கும்தான், வரும்போதெல்லாம் பை நிறைய மத்தாப்பு கொண்டுவருவாரே! எதுவும் நிச்சயமாவதற்கு முன்பே அவரை மாமா என்று கூப்பிட அம்மா எங்களைப் பழக்கியிருந்தாள். அத்தை மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சீனாக்காரன் எல்லையில் சண்டைக்கு வந்த வருஷம் அது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேரும் பணம் பூராவும் யுத்த நிதிக்கு என்று எங்கள் வேதக்கோயிலில் அறிவித்தார்கள். சனங்கள் வழக்கம்போல ஏலம் விடுவதற்கென்று பூசணிக்காயும் சேவலும் கரும்புக்கட்டும் படைத்தார்கள். அத்தை அந்தச் சாடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வீடே திகைத்துப்போனது.

"அதையா குடுக்கப் போற?" என்றாள் அம்மா.

"நல்லதாப் பாத்துத்தான குடுக்கணும் மைனி."

அம்மாவின் மூளை உடனே வேறு பக்கம் வேலை செய்தது. எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த பொருளை அத்தனை பேர் முன்னிலையிலும் தனக்கு வேண்டியவர்கள் கையில் கொடுக்கலாம். ஒரு மாப்பிள்ளை, பெண் வீட்டார் படைத்த பலாப்பழத்தை ஏலத்தில் எடுத்து மாமனாரிடமே திருப்பிக் கொடுத்ததை ஊரே மெச்சியிருந்தது.

"மேனேஜர் அவுகதான் எடுப்பாக. எடுத்து இவ கையில குடுப்பாக பாருங்க. அத்தோட நிச்சயம் முடிஞ்ச மாதிரி," என்று அப்பாவிடம் சொன்னாள் அம்மா.

"பாப்போம் மைனி," என்றாள் அத்தை.

ஏலம் விட்ட கோயில் உபதேசியார் சாடியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். "ராஜா காலத்துச் சாடி! யாரு கேக்கீக?"

முதலில் கேட்டது அப்பா. ஒரு வாழைத்தாருக்கு மேல் எதையும் ஏலம் கேட்டறியாத வாத்தியார் அவர். மேனேஜர் மாமா சிரித்துக்கொண்டே ஏற்றினார். அப்பா விடவில்லை. மாமா ஒரே தூக்காக அப்பாவின் சம்பளத்தையும் தாண்டி ஒரு தொகையைச் சொன்னார். கூட்டம் வாயைப் பிளந்தது. அப்பா உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

அத்தையின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"மூணு தரம்!"

மாமா சாடியை வாங்கிக்கொண்டு பெண்கள் பக்கமாக நடந்து வந்தார். அம்மா அத்தையின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். இதோ கொடுக்கப்போகிறார் என்று நான் வழிவிட்டு நகர்ந்து நின்றேன். அவர் எங்களைக் கடந்து வெளியே மைதானத்துக்குப் போனார்.

"சீனாக்காரன் சாமான் நமக்கு எதுக்குலே? எல்லாரும் வாங்க!"

மோட்டார் சைக்கிள் பையிலிருந்து ஒரு கட்டு வெடியை எடுத்தார். சாடிக்குள் திணித்து, திரியை மட்டும் வெளியே விட்டு, வாயில் ஒரு செங்கல்லை வைத்தார். "சீனச் சாடிக்குச் சீன வெடி!" என்று கத்தினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. சும்மா விளையாட்டுக் காட்டுகிறார், கடைசியில் எடுத்துவிடுவார் என்றே நம்பினேன். அப்பா மட்டும், "அய்யா, வேண்டாங்க, வேண்டாங்க" என்று ஓடினார்.

வெடி எனக்குப் புதிதில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். ஆனாலும் அன்று அது வெடித்தபோது காதைப் பொத்திக்கொண்டேன். புகை கலைந்தபோது செங்கல் ஒருபக்கம் கிடந்தது. சாடி இருந்த இடத்தில் சாடி இல்லை. மண்ணெங்கும் வெள்ளையும் நீலமுமாகச் சில்லுகள். இவ்வளவு நேரம் இருந்த ஒன்று எப்படி இல்லாமல் போகும் என்று அதையே வெறித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். உபதேசியாரும் தட்டினார்.

அத்தையோடு சேர்ந்து அழலாம் என்று திரும்பினேன். அவள் அழவில்லை.

மாமா கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அத்தை முன்னால் வந்து நின்றார். "எப்படி சிஸ்டர்?"

அத்தை சிரித்த முகமாகக் கைகூப்பினாள். "ரொம்ப நல்லதுங்க. பாக்க வேண்டியதப் பாத்தாச்சு."

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அம்மாவிடம் ஓடினேன். "அத்தைக்குப் பிடிச்சிருச்சாம்மா! ரொம்ப நல்லதுன்னு மாமாகிட்ட சொல்லிட்டாக!"

அம்மா அங்கேயே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் பாயசம் வைத்தாள். அத்தை கேட்டு வாங்கி இன்னொரு டம்ளரும் குடித்தாள். பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்பாவிடம், "அண்ணே, அவுகளுக்கு வேண்டாம்னு சொல்லிவிட்டுருங்க" என்றாள்.

அம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். "ஒரு சாடிக்காகவா?"

"அது நான் குடுத்ததுதான மைனி. போனதுக்கு அழுதனா?"

அப்பா சரி என்று தலையை ஆட்டினார். அம்மாவின் கோபம் என்மேல் திரும்பியது. "ஏட்டி, ரொம்ப நல்லதுன்னு சொன்னாகன்னியே?"

அத்தை சத்தியமாக அப்படித்தான் சொன்னாள். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

"பிள்ளைய ஏன் வையிதீக? அவ கேட்டது சரிதான்," என்றாள் அத்தை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆசையாக வைத்திருந்ததைத் தானே ஏலத்துக்குக் கொடுத்தாள். அதை வெடிவைத்துத் தகர்த்தவரிடம் நல்லது என்றாள். பாயசமும் குடித்துவிட்டுக் கல்யாணம் வேண்டாம் என்கிறாள். எப்படிப் பார்த்தாலும் ஒரே முடிவுதான் தோன்றியது. அந்தச் சத்தத்தில் அத்தைக்குப் புத்தி கலங்கிவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப அவள் பஸ் ஏறியபோது, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆண்டவரே, எங்கள் அத்தைக்குச் சீக்கிரம் நல்ல புத்தியைக் கொடும் என்று மனமுருகி ஜெபம் பண்ணினேன்.