விருந்தினர் அறையில் தேநீர்

மலாக்கா நகரில் நடுத்தரமான ஒரு ஹோட்டலின் விருந்தினர் சேவைப் பிரிவில் பணியாற்றுகிறேன். விருந்தினர் எதிர்பார்ப்பதற்கும் நாங்கள் தருவதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பது என் பொறுப்பு. குறை எப்போதும் எங்கள் பக்கம்தான் இருக்கும் என்று பல்கலைக்கழகத்தில் படித்திருந்தேன்.

அறைகளைச் சுத்தம் செய்யும் அக்கா ஒருவர் பத்து பெரண்டாமிலிருந்து வந்துபோனார். தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தபின் இங்கே சேர்ந்தவர். விருந்தினர்கள் நல்லபடியாகச் சொன்னால் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் மறுபடியும் வேலை தேட வேண்டும்.

அப்போது சுங்கை ரம்பாயிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பம் தங்கியிருந்தது. புறப்படும்போது அந்த வீட்டு அம்மா மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றார். மேலாளருக்குத் தமிழ் தெரியாது, நான் மொழிபெயர்த்தேன்.

“ரூம் கூட்ட வர்ற புள்ள தங்கமான புள்ளலா. நாங்களே பெட்டெல்லாம் மடிச்சு, பாத்ரூமையும் கழுவிட்டோம். நம்ம குப்பைய அடுத்தவங்க அள்ளணுமா, சொல்லுங்க? உட்கார வச்சு டீ, முறுக்கு குடுத்தோம். நல்லா பேசிக்கிட்டு இருந்துச்சு.”

அந்த அம்மாவிடம் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். ஊழியர் வேலை செய்யவில்லை, விருந்தினர் அறையில் உட்கார்ந்திருந்தார் என்று மேலாளர் புரிந்துகொண்டார். உட்காருவது விதிமீறல். அக்காவின் சோதனைக் காலம் ஒரு மாதம் நீண்டது.

“யாராவது டீ குடுத்தா, வேலை இருக்குன்னு சொல்லிடுங்கக்கா” என்றேன்.

“சொல்லிப் பாக்கறேன் தம்பி” என்றார், நம்பிக்கையில்லாமல்.

அடுத்து செர்காமிலிருந்து வந்த குடும்பத்திடம் அப்படியே சொன்னார். மாலையில் அந்த வீட்டுப் பெரியவர் என்னிடம் வந்தார். “குடுத்த டீய வேணாங்குது. நாங்க என்ன சாதின்னு யோசிக்குதா? இந்தக் காலத்துலயுமா?”

தேநீர் குடிக்காதது எப்படிப் புகாராகும் என்று மேலாளர் கேட்டார். யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து தொடங்கி விளக்கினேன். அவர் குறிப்பெடுத்துக்கொண்டார். எனக்கோ, நான் சொல்லிக்கொடுத்த ஒரு வாக்கியத்தால் அக்காவின் வேலை போய்விடுமோ என்ற கவலை.

மாதக் கடைசியில் மேலாளரும் நானும் அறைகளைப் பார்வையிடச் சென்றோம். திறந்திருந்த ஓர் அறையின் வாசலுக்கு உள்ளே அக்கா நின்றிருந்தார். ஒரு கையில் துடைப்பம், மறு கையில் தேநீர்க் கோப்பை. படுக்கை விரித்திருந்தது, குப்பைத்தொட்டி காலியாக இருந்தது.

“இது என்ன?” என்று மேலாளர் கேட்டார்.

“உட்காரக் கூடாதுன்னுதானே சொன்னாங்க தம்பி? நான் உட்காரலயே” என்றார் அக்கா. அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

மேலாளர் விதியை மனத்துக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார் போலும். அதற்குள் உள்ளேயிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். “யாரு, பெரிய பாஸா? வாங்க சார், உங்களுக்கும் ஒரு கப்பு ஊத்தறேன். பயப்படாதீங்க, சீனி கம்மிதான்.”

மேலாளர் என்னைப் பார்த்தார். மறுத்தால் என்ன பொருள் என்பதை நான்தான் அவருக்கு நீளமாக விளக்கியிருந்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டார். குடித்து முடிக்கும்வரை யாரும் உட்காரவில்லை.

அந்த வாரமே அக்காவின் வேலை நிரந்தரமானது.