வாசலை விடாத யோகலிங்கம்

“உங்களுக்கு இந்தப் பிள்ளையளைப் பற்றி என்ன தெரியும்?”

கேட்டவர் லக்சிகாவின் தாய். யோகலிங்கம் அப்போது வகுப்பறை வாசலில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, கதவு நிலையில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். பதில் தெரியாத நேரங்களில் அவருடைய வலது கை இடது அக்குளுக்குள் போகும். பதின்மூன்று வருசமாக அங்கே ஒரு தோல் பை தொங்கியது. இப்போது பை இல்லை. கை மட்டும் போய், துழாவிவிட்டு, வெறுமனே திரும்பி வந்தது.

“ஒண்டும் தெரியாது தங்கச்சி,” என்றார் கடைசியில். “ஆனா ஒருத்தரும் விழாமப் பாத்துக்கொள்ளுவன்.”

யோகலிங்கம் கிளிநொச்சிக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் கொண்டக்டராக இருந்தவர். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி மிதிபலகையில் தொங்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்து விசேட கல்வி அலகுக்கு ஓர் உதவியாளர் தேவை என்று அறிவித்தல் ஒட்டினார்கள். ‘பிள்ளைகளின் பின்னால் ஓடக்கூடியவராக இருத்தல் வேண்டும்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. ஓட முடியாததால் வேலையை விட்டவர், ஓடுகிற வேலைக்கு விண்ணப்பித்தார். வேறு ஒருவரும் விண்ணப்பிக்காதபடியால் அவரையே எடுத்தார்கள்.

அவர் கதிரையில் இருப்பதில்லை. சாப்பிடுவதும் நின்றபடிதான். தேநீர் கொடுத்தால் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் குடிப்பார். பிள்ளைகளிடம் “கொஞ்சம் உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்கு இடம் கிடக்கு” என்பார். அறையில் இருப்பது ஏழே பிள்ளைகள். காலை எட்டு மணிக்கு அவருடைய பழைய பஸ் பள்ளிக்கூடத்து கேற்றைக் கடக்கும். அவருடைய இடத்தில் இப்போது தொங்குகிற கிருசாந்தன் என்ற பெடியன், பஸ்ஸின் தகரத்தில் தட்டித் தட்டிக் கத்துவான்:

“யோகண்ணை! இருக்க இடம் கிடைச்சுதோ?”

“நீ முன்னுக்குப் பாத்துப் போடா, விசரா!”

லக்சிகாவுக்கு ஒன்பது வயது. கதைப்பது மிகக் குறைவு. ஓடுவது மிக அதிகம். எப்போது, எதற்கு என்று யாருக்கும் தெரியாது. இரண்டு தரம் கேற்றைத் தாண்டி றோட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்து அதிபர் செல்வராசா தாயைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “இன்னொரு தரம் தாண்டினா, பிள்ளையை வீட்டில வைச்சிருங்கோ. றோட்டில ஏதும் நடந்தா நான்தான் பதில் சொல்லவேணும்.”

“வீட்டில எண்டா நான் வேலைக்குப் போகேக்க பூட்டித்தான் வைக்கவேணும் சேர்,” என்றார் தாய்.

முதல் கிழமை, ஐந்து நாளும், யோகலிங்கம் எல்லாவற்றையும் பிழையாகச் செய்தார். லக்சிகா எழும்பியதும் கையைப் பிடித்தார். அவள் கடித்தாள். வகுப்பாசிரியை கமலாசனி ரீச்சர் மருந்து போட்டுவிட்டு, “பிடிக்காதேங்கோ அண்ணை, வழியில மட்டும் நில்லுங்கோ,” என்றார். வழியில் நிற்பது யோகலிங்கத்துக்குக் கைவந்த கலை. பல் பட்ட இடத்தை ஊதிக்கொண்டே, “ரிக்கற் எடுங்கோ எண்டால் கடிக்கவாற சனத்தையே பாத்தனான் ரீச்சர். இது சின்னக் கடி,” என்றார்.

இரண்டாம் கிழமை, ஒரு மழை நாளில், பிள்ளைகள் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ரீச்சர் அதிபரின் கந்தோருக்குப் போயிருந்தார். யோகலிங்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை அக்குளுக்குள் போய் வந்தது. பிறகு அவர் கதிரைகளை இரண்டு இரண்டாக வரிசையில் போட்டார். சில்லுக்கதிரையில் இருக்கும் சுஜிதனை முன்னுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“உன்னட்டைத்தான் சில்லு இருக்கு. நீதான் ட்றைவர்.”

வாசலுக்குப் போய், கதவுப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் வெளிக்கிட்டது. “வாய்க்காலடி, வாய்க்காலடி! இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ!” ஒரு தட்டு. பஸ் நின்றது. இரண்டு தட்டு. வெளிக்கிட்டது. “மில்லடி!” யார் எது சொன்னாலும் திருப்பிச் சொல்லும் விதுசன், “மில்லடி, மில்லடி” என்று அவருக்கு உதவிக் கொண்டக்டர் ஆனான். ரீச்சர் திரும்பி வந்தபோது லக்சிகா யன்னலோரக் கதிரையில், முன்னாலுள்ள கதிரையை இறுக்கிப் பிடித்தபடி, இருபது நிமிடமாக அசையாமல் இருந்தாள்.

“என்ன அண்ணை செய்தனீங்கள்?”

“ஒண்டும் செய்யேல்ல ரீச்சர். பஸ்ஸில ஏத்தினனான்.”

அதன்பின் தினமும் பஸ் ஓடியது. எண்கள், நிறங்கள், கடை, ஆஸ்பத்திரி என்று ரீச்சர் தன் பாடங்களையெல்லாம் பஸ் நிற்கிற இறக்கங்களாக்கி அதில் ஏற்றிவிட்டார்.

பிழை புதன்கிழமை நடந்தது. அது ஒரு கொண்டக்டர் மட்டுமே விடக்கூடிய பிழை. இடைவேளை மணி அடித்ததும் யோகலிங்கம் பழைய குரலில், “ஸ்கந்தபுரம்! கடைசி இறக்கம்! எல்லாரும் இறங்குங்கோ!” என்று கூவிவிட்டு, வழிவிட்டு விலகி நின்றார். பிள்ளைகள் இறங்கி விளையாடப் போனார்கள். லக்சிகாவின் வீடு ஸ்கந்தபுரத்தில். கடைசி இறக்கத்தில் இறங்குகிறவர்கள் வீட்டுக்குத்தான் போவார்கள். அவள் ஓடவில்லை. பயணி ஒருத்தியைப்போல நிதானமாக நடந்து, முற்றத்தைக் கடந்து, கேற்றால் வெளியே போய்விட்டாள்.

யோகலிங்கம் கண்டபோது அவள் றோட்டுக் கரையில் இருந்தாள். மணல் ஏற்றிய லொறியொன்று தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவர் நொண்டி நொண்டி ஓடினார். “லக்சிகா!” அவள் திரும்பவில்லை. முழங்கால் கேற்றடியோடு நின்றுவிட்டது. அவர் கையை ஓங்கி, கேற்றின் தகரத்தில் பலமாக ஒரு தட்டுத் தட்டினார்.

லக்சிகா நின்றாள்.

லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போனது.

“பஸ் எடுக்கப்போறன்,” என்றார் யோகலிங்கம், மூச்சு வாங்க. “போற ஆக்கள் ஏறுங்கோ.”

அவள் திரும்பி வந்து, அவரைக் கடந்து, நேரே வகுப்பறைக்குப் போய்த் தன் கதிரையில் இருந்தாள்.

அதிபர் கந்தோர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

“கேற்றைத் தாண்டிட்டாள் யோகலிங்கம்.”

“அவள் தாண்டேல்ல சேர். இறக்கக்கூடாத இடத்தில இறக்கினது நான். பேரை வெட்டிறதெண்டா கொண்டக்டரின்ர பேரை வெட்டுங்கோ. பயணியின்ர பேரை வெட்டாதேங்கோ.”

அதிபருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “வெள்ளிக்கிழமை வந்து நிப்பன். மணியடிச்சாப் பிறகும் அவள் கதவைத் தாண்டாம நிண்டாச் சரி. இல்லாட்டி தாயைக் கூப்பிடுவன்.”

வியாழக்கிழமை யோகலிங்கம் கடைசி இறக்கத்தையே எடுத்துவிட்டுப் பார்த்தார். சரிவரவில்லை. “ஸ்கந்தபுரம் எப்ப, ஸ்கந்தபுரம் எப்ப” என்று விதுசன் ஒரு மணித்தியாலம் கேட்டான். பின்னேரம், பிள்ளைகள் போன பிறகு, ரீச்சர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

“கால் நோகுதெல்லே? ஒருக்கா இருங்கோவன் அண்ணை.”

“நான் இருந்தா ஆர் ரீச்சர் சனத்தை இறக்கிறது? எல்லாரும் இறங்கினாப் பிறகும் பஸ்ஸில நிக்கவேண்டிய ஆள் கொண்டக்டர் மட்டும்தான்.”

கை அக்குளுக்குள் போனது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

வெள்ளி காலை அவர் பழைய தோல் பையோடு வந்தார். அதை லக்சிகாவின் தோளில் மாட்டினார். முழங்கால்வரை தொங்கியது. அவளை வாசலுக்குக் கூட்டிப்போய், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நிற்கக் காட்டினார். பிறகு தனக்கு எங்கே நிற்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். யன்னலோரம் ஒரு கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. யோகலிங்கம் அதில் இருந்தார்.

அதிபர் வந்து உள்ளே நின்றார். “பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு இடம் கிடக்கு,” என்றான் விதுசன். அதிபர் பின்னுக்குப் போனார். வாசலில் இரண்டு தட்டு. சுஜிதன் பஸ்ஸை எடுத்தான். வாய்க்காலடி போனது. மில்லடிக்கு முன்னால் இடைவேளை மணி அடித்தது.

மற்ற வகுப்புப் பிள்ளைகள் கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். கேற் திறந்தே கிடந்தது. லக்சிகா அதைப் பார்த்தாள். அவளுடைய ஒரு கால் ஏற்கெனவே வெளியே இருந்தது. யோகலிங்கம் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அதிபரின் போன் அடித்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். லக்சிகா கேற்றிலிருந்து கண்ணை எடுத்தாள். கையை நீட்டி வாசலை மறித்தாள்.

“சேர், ஓடுற பஸ்ஸால இறங்கேலாது,” என்றார் யோகலிங்கம், இருந்த இடத்திலிருந்தே. “மில்லடி வரட்டும்.”

அதிபர் அந்தச் சின்னக் கையைப் பார்த்தார். போனை நிறுத்திச் சட்டைப்பைக்குள் போட்டார். காத்து நின்றார்.

“மில்லடி, மில்லடி,” என்றான் விதுசன். கதவில் ஒரு தட்டு விழுந்தது. கை விலகியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ரீச்சர் சுஜிதனின் கதிரையைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். அதிபர் கடைசியாக இறங்கினார்.

“அடுத்த பஸ் எப்ப யோகலிங்கம்?”

“திங்கட்கிழமை காலமை சேர்.”

“சரி. இந்தக் கொண்டக்டரே வரட்டும்.”

லக்சிகா வாசலை விட்டு அசையவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு பயணி இன்னும் மிச்சம். இரண்டு தட்டுத் தட்டினாள். யன்னலோரத்தில் யோகலிங்கத்தின் உடம்பு, பஸ் வெளிக்கிட்டதுபோல, ஒருமுறை பின்னுக்குச் சாய்ந்து நிமிர்ந்தது.

இதை வாசிக்கிறவர்கள் யாராவது ஸ்கந்தபுரம் பஸ்ஸில் ஏறினால், மிதிபலகையில் தொங்குகிற கிருசாந்தனிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். யோகண்ணைக்கு இருக்க இடம் கிடைச்சிட்டுதாம்.