ஆட்டோவுக்குப் பின்னால் வந்த அப்பா

என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம் நான் உளவு வேலையில் இறங்கினேன். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட ஆட்டோ அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பும். கொஞ்சம் இடைவெளி விட்டு என் மொபெட் கிளம்பும். நான் எவ்வளவு ரகசியமாகப் பின்தொடர்ந்தேன் என்றால், ஆட்டோவின் பின்சீட்டுப் பிள்ளைகள் தினமும் எனக்கு டாட்டா காட்டினார்கள்.

ஒரு நாள் கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டினார்.

"இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான் போறோம். எதுக்கு ரெண்டு பெட்ரோலு? நீங்களே பாப்பாவ உக்கார வச்சுக்கினு போயிடலாமே?"

"பிரேக் சரியா இருக்கான்னு பாக்கறேங்க" என்றேன். இரண்டு வருஷம் பார்த்தேன்.

அப்புறம் அவள் ஹிந்தி டியூஷன் போனாள். வாத்தியார் ஆண். எனவே நானும் சேர்ந்தேன். பிள்ளைகளுக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பரீட்சையும் எழுதினேன். அவள் முதல் வகுப்பு. நான் தேறினேன், அவ்வளவுதான்.

வெளியில் இப்படிக் காவல் காத்தவன், வீட்டுக்குள் அவளை ஒரு நாளும் குளிப்பாட்டியதில்லை, தலை துவட்டியதில்லை. மடியில் ஏற வந்தால் தண்ணீர் தாகம் என்று எழுந்துவிடுவேன். அந்த வருஷங்களில் நான் குடித்த தண்ணீருக்கு ஒரு சின்ன ஏரியே வற்றியிருக்கும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி படிப்புக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். கணக்குச் சொல்லித்தருகிறேன் என்று என்னை அழைத்துப்போய்க் கதவைச் சாத்துவார். ஒரு வருஷத்துக்கு மேல் அது நடந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கணக்கில் நல்ல மார்க் வந்தது. அம்மா சந்தோஷப்பட்டு அவருக்கு இன்னும் இரண்டு தோசை போட்டாள்.

அப்படிக் கெடுக்கப்பட்ட பையன்கள் வளர்ந்ததும் அப்படியே ஆகிவிடுவார்கள் என்று பின்னாளில் ஒரு வாரப்பத்திரிகையில் படித்தேன். அதே பத்திரிகையின் ராசிபலனை நம்பாதவன், இதை மட்டும் நம்பினேன்.

மகளுக்கு எட்டு வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாமாவே வந்து நின்றார். மகனுடைய கல்யாணப் பத்திரிகை கையில். ஆட்டோவைத் துரத்திய வீரன் என்ன செய்தான் தெரியுமா? "வாங்க மாமா" என்று சொல்லி, டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பிவைத்தான். என் மனைவி காபி போட உள்ளே போனாள்.

அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். "வா கண்ணு, தாத்தா பக்கத்துல உக்காரு. கணக்கு நல்லா போடுவியா?"

அவள் ஓரடி வைத்தாள். நான் சிங்கம் மாதிரி கர்ஜித்திருக்க வேண்டும். கீச்சென்று ஒரு குரல்தான் வந்தது.

"அவ வரமாட்டா."

"இன்னாப்பா?"

"அவ வரமாட்டா. நீங்க கெளம்புங்க மாமா."

அப்போதும் 'மாமா'வை விடவில்லை பாருங்கள், மரியாதை தெரிந்த பிள்ளை. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

காபியோடு வந்த மனைவி, "எங்கங்க அவரு?" என்றாள். மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டு, அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காபியில் ஆடை படிந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அதனாலதான் பாப்பாவ தூக்கவே மாட்டீங்களா?"

"நானும் அப்படி ஆயிடுவேனோன்னு பயம்."

"எப்பவாச்சும் மனசுல அப்படி தோணிச்சா?"

"சீ!"

"அப்புறம் இன்னாங்க பயம்? பொண்ணு பொறந்ததுதான் உங்களுக்குப் புடிக்கலன்னு எட்டு வருஷமா நெனச்சுக்கினு இருக்கேன் நானு" என்று சொல்லி அழுதாள்.

ஊரையே வேவு பார்த்தவனுக்கு, கூடவே இருந்தவள் மனதில் இருந்தது தெரியவில்லை.

கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. வேலூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கப் போனோம். வாரப்பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். "பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்க அப்படி ஆகறதில்லீங்க. நீங்க பயந்து பயந்து குழந்தைய விட்டுத் தள்ளித்தான் போயிருக்கீங்க" என்றார் அந்த டாக்டரம்மா. ஒரு தடவையில் தீரவில்லை. பல மாதங்கள் போய்வந்தேன்.

அதற்கப்புறம் ஒரு காலையில் முதன்முதலாக மகளுக்குச் சடை பின்னினேன். பின்னிக்கொண்டே அவள் வயதுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். யார் தொட்டாலும் சரி, பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், உடனே எங்களிடம் வந்து சொல்ல வேண்டும், சொந்தக்காரர்களாக இருந்தாலும்.

"நீ தொட்டாக்கூடவாப்பா?"

"நான் தொட்டாக்கூட."

"அப்ப பின்றத நிறுத்து. வலிக்குது."

நிறுத்தினேன். அவள் கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"மெதுவா பின்றதா இருந்தா பின்னு."