இறங்கும்போது கிளம்பும் புழுதி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். தேர்தலுக்காக ஒரு தலைவர் ஹெலிகாப்டரில் வருகிறார், எங்கள் மைதானத்தில்தான் இறங்குகிறார் என்று தகவல் வந்தது. பிள்ளைகளைச் சுற்றிலும் நிறுத்திக் கையசைக்க வைக்க வேண்டும் என்றார்கள்.

அந்த வாரம்தான் எட்டாம் வகுப்புக்கு நிலவில் விண்கலம் இறங்குவதைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். அங்கே காற்று இல்லை. கலம் இறங்கும்போது கிளம்பும் தூசி மிதக்காது; தாழ்வாக, நேராக, வெகுதூரம் பாயும். ஏற்கெனவே அங்கே நின்றிருந்த ஒரு கருவியை, பின்னால் வந்து இறங்கிய கலத்தின் தூசி பொத்தல் பொத்தலாகத் தேய்த்துவிட்டிருந்தது என்று படித்திருந்தேன்.

தலைமையாசிரியையான சிஸ்டரிடம் போய், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தலாம் என்றேன்.

"அது நிலாவுங்க டீச்சர். இங்கதான் காத்து இருக்குதே, தூசி தூரமாப் போவாதுங்களே."

"ஹெலிகாப்டர் அந்தக் காத்தையே சுழட்டி அடிக்குமுங்க சிஸ்டர்."

யோசித்துவிட்டுச் சம்மதித்தார். பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்தினோம். புழுதி அடங்க டேங்கரில் வந்த தண்ணீர், இறங்கும் வட்டத்தை நனைக்க மட்டுமே போதுமானதாக இருந்தது.

ஹெலிகாப்டர் இறங்கியபோது நனைந்த மண் அசையவில்லை. அதற்கு வெளியே கிடந்த செம்மண்ணும் பொடிக்கற்களும்தான் எழும்பின. பிள்ளைகள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இடம் காட்டுவதற்காக மைதானத்தில் சிவப்புத் துணியுடன் நின்றிருந்த டிரில் மாஸ்டர், கண்ணைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். வராந்தா வரைக்கும் அடியளந்து பார்த்த நான், அவர் நிற்கும் இடத்தை நினைக்கவே இல்லை.

அடுத்த பஸ்ஸில் அவரைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். வளைவுக்கு வளைவு, "தூசிதானுங்க டீச்சர், ஊட்டுக்குப் போயிக் கழுவுனாச் செரியாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் ஒரு கல்துணுக்கை எடுத்தார். கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது, பார்வை கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும் என்றார்.

"உங்களையும் தள்ளி நிக்கச் சொல்லியிருக்கணுங்க" என்றேன்.

"நானும் தள்ளிப் போயிட்டா அவங்க எதைப் பாத்துங்க எறங்குவாங்க?"

மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டார். அதன்பின் பல வருடங்கள் அதே பள்ளியில்தான் இருந்தார். த்ரோபால் ஆட்டத்தில் பந்து கோட்டருகே விழுந்தால் மட்டும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"உள்ளேங்களா, வெளியேங்களா?"

நான் சொன்னபடியே ஊதுவார்.