இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய்

எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு விளக்கேற்ற எண்ணெய் இல்லாத நாள் உண்டு. மெஷின் எண்ணெய் இல்லாத நாள் கிடையாது. நைனா திண்டிவனத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு எண்ணெய் கேன்கள். கைக்குள் அடங்குகிற தகரக் குடுவை, அதன் மேல் கொக்கு மூக்கு மாதிரி ஒரு நீளக் குழாய். அடித்தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் ‘டொக்’ என்று சத்தம் வரும், மூக்கு நுனியில் ஒரு சொட்டு வரும்.

கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது எல்லா வீட்டிலும் உண்டு. நைனா அதோடு நிற்கிற ஆளில்லை. கிணற்று ராட்டினம், பூட்டு, கத்தரிக்கோல், குடைக் கம்பி, டிரங்குப் பெட்டியின் கொண்டி எல்லாவற்றுக்கும் வாரம் ஒரு முறை ‘டொக், டொக்’. மழைக்காலம் வந்தால் துருப்பிடிக்காமல் இருக்க அரிவாள்மனைக்கும் தடவிவிடுவார். அம்மா அதைச் சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவிவிட்டுக் கத்திரிக்காய் நறுக்குவாள், அப்படியும் குழம்பில் சைக்கிள் கடை வாசனை வரும். பலாப்பழம் அரிந்து கையெல்லாம் பிசின் ஒட்டிக்கொண்டால் ஊரே தேங்காயெண்ணெய் தேடும், எங்களுக்கு மட்டும் மெஷின் எண்ணெய். எதிர்வீட்டுக்காரம்மா விரல் வீங்கி மோதிரம் கழலாமல் மாட்டிக்கொண்டபோது நைனா இரண்டு சொட்டு விட்டு உருவியெடுத்தார். அந்த ஒரு மோதிரத்தைப் பற்றி ஒரு வருஷம் பேசினார்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது என் அக்காவின் வேலை. எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினாறு. நைனா சாப்பிட உட்கார்ந்தால், கட்டைவிரலை மடக்கி நாக்கால் ‘டொக்’ என்று சத்தம் எழுப்பி, “இன்னா நைனா, சாம்பார்ல ரெண்டு சொட்டு விடட்டா?” என்பாள். நைனாவுக்குச் சட்டென்று கோபம் வரும், ஆனால் அவளிடம் வராது. “சிரிடி, சிரி. ஒரு நாளைக்கு நீயே கேட்டு வருவ” என்பார்.

சைக்கிள் கடைக்காரர்களிடம் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. செயினில் விரல் மாட்டினாலும், ஸ்போக் கம்பி குத்தினாலும், காயத்தில் மெஷின் எண்ணெய்தான் விடுவார்கள். விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நைனாவின் இரண்டு கையிலும் ஆறிப்போன ஏகப்பட்ட தழும்புகள் இருந்தன. “எந்த டாக்டரு ஆத்துனான் இதையெல்லாம்?” என்று கேட்பார்.

அந்த வருஷம் தை மாதத்தில், பின்பக்கம் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் துணி எடுக்கப் போன அக்கா ஆணியை மிதித்துவிட்டாள். உடைந்த நிலைச்சட்டத்தில் இருந்த துருப்பிடித்த ஆணி. குதிகாலில் ஆழமாக இறங்கிவிட்டது. நைனா சாப்பாட்டுக்கு வந்திருந்த நேரம். அம்மா மாட்டுச் சாணியையும் ரத்தத்தையும் கழுவிவிட்டுச் சொன்னாள்: “இன்னாங்க, ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய் ஒரு ஊசி போட்டுக்கினு வந்துருங்க.”

அக்காவுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். அம்மை குத்துகிறவர்கள் தெருவுக்கு வந்தால் நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறவள். அவள் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஊசி வேணாம் நைனா. உன் எண்ணெயே போதும். அதையே வுடு.”

நைனாவின் முகம் அப்போது மலர்ந்ததை நான் பார்த்தேன். அத்தனை வருஷம் கேலி செய்தவள் தானே வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். அவர் அம்மாவைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார். “பாப்பா, ஓடிப்போய் கேனை எடுத்துக்கினு வா” என்று என்னிடம் சொன்னார்.

நான் ஓடினேன். கேன் காணோம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை, தினமும் நாலைந்து சொல்கிறவள்தான். அன்றைக்குப் பார்த்து நல்ல பிள்ளையாக ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தேன்.

நைனா இரண்டு சொட்டு விட்டார், பிறகு ஆசைக்கு இன்னொரு சொட்டு. மேலே ஒரு துணியைக் கிழித்துக் கட்டினார். “நல்லா ஜில்லுன்னு கீது நைனா” என்றாள் அக்கா. மூன்றாம் நாள் காயம் மூடிக்கொண்டது. அவள் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு நடந்தாள். நைனா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் குதிகாலைப் பற்றிச் சொன்னார்.

எட்டாம் நாள் காலை. கேப்பைக் கூழைக் குடிக்க உட்கார்ந்த அக்காவால் வாயைத் திறக்க முடியவில்லை. பல் கட்டிக்கொண்டதுபோல இருந்தது. மூடிய பல்லுக்கு நடுவிலிருந்து அவள் சொன்னாள்: “தாடைக்குத் துரு புடிச்சிக்கிச்சு போல. ரெண்டு சொட்டு வுடு நைனா.” எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அவள் பேசிய கடைசி வேடிக்கை அது.

மதியத்துக்குள் கழுத்து விறைத்தது, பிறகு முதுகு. பக்கத்திலிருந்த டாக்டர் பார்த்ததும் விழுப்புரத்துக்குக் கொண்டு போகச் சொன்னார். ரயிலில் போனோம். என்னை விட்டுவிட்டு வர வீட்டில் ஆளில்லாததால் நானும் போனேன். விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் அதற்கு டெட்டனஸ் என்று பெயர் சொன்னார்கள். அவளை வார்டின் கோடியில் இருந்த ஓர் அறையில் போட்டு, சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். டாக்டர் நைனாவிடம், “வெளிச்சம் படக்கூடாது. சத்தம் கேக்கக்கூடாது. சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு தூக்கிப் போடும். ஒவ்வொரு தடவையும் ஆபத்துதான். அமைதியா பத்து நாள் தாண்டிட்டா பொழைச்சுக்குவா” என்றார். பிறகு, “காயத்துக்கு என்ன போட்டீங்க?” என்று கேட்டார்.

ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்ட மனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டு, “மெஷின் எண்ணெய்ங்க” என்றார். ஊசி போட்டீர்களா என்று கேட்டதற்கு இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. நர்ஸம்மா உள்ளே வரக் கதவைத் தள்ளினார், அது கிறீச்சென்றது. அக்காவின் உடம்பு வில்லாக வளைந்து தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் பட எழும்பியது. வளைந்தது அப்படியே நின்றது. நைனா எழுந்து வெளியே போனார். அடுத்த வண்டியைப் பிடித்துத் திண்டிவனம் போய், ராத்திரிக்குள் எண்ணெய் கேனோடு திரும்பி வந்தார்.

அம்மா அந்தக் கேனைப் பார்த்தாள். ஏதாவது சொல்லித் தீர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

கேனை அமுக்கினால் ‘டொக்’ என்று வருமே, அந்தச் சத்தமும் ஆகாது. அதனால் நைனா வெளியே புங்கமரத்தடிக்குப் போய், ஒரு கோழி இறகில் எண்ணெயை ஊறவைத்துக்கொண்டு வந்து கீலில் தடவினார். அறைக்கதவு முடிந்ததும் வார்டுக் கதவு. பிறகு மருந்து தள்ளுகிற வண்டியின் சக்கரம், வாளிக் கைப்பிடி, தாழ்ப்பாள், கட்டில் மூட்டு, கிணற்று ராட்டினம். ஆயாம்மா முதலில், “இன்னாய்யா இது பேஜாரு, தரையெல்லாம் எண்ணெய் ஆக்கிக்கினு” என்று கத்தப் பார்த்தாள். நைனா அவளைக் கும்பிட்டார். நைனா யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் அந்த ஆயாம்மாவே வந்து, “சைக்கிள்காரரே, அந்தாண்ட ஒரு ஸ்டூலு கத்துது பாருங்க” என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனாள்.

வார்டில் எல்லோரும் வெறுங்காலோடு நடந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் இருமல் வந்தால் துணியை வாயில் பொத்திக்கொண்டார்கள். யார் சத்தமாகப் பேசினாலும் நர்ஸம்மா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடிவருவார். அம்மா அழுகை வரும்போதெல்லாம் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொள்வாள். நான் வராந்தாவில் மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வயதில் நாள்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டாயிற்று. ஜங்ஷனில் ரயில் ஊதுவது மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு வண்டி வரும்போதும் நைனா ஓடிப்போய்ச் சன்னல் துணிமேல் தன் மாற்று வேட்டியை மடித்து அழுத்திக்கொண்டு நிற்பார். அப்படியும் சத்தம் உள்ளே வரும், அக்கா வளைவாள். ஒரு தரம் அவர் வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “இதுக்கு எங்க பாப்பா எண்ணெய் வுடறது?” என்று கேட்டார். பதிலை நிஜமாகவே எதிர்பார்த்தவர் போல என் முகத்தைப் பார்த்தார்.

அந்த நோயில் முகம் இழுத்துக்கொள்ளும், சிரிக்கிற மாதிரியே இருக்கும். அதை எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆறாம் நாள் நைனா இறகோடு கட்டில் மூட்டில் குனிந்தபோது அக்காவின் முகம் அப்படி இழுத்துக்கொண்டது. நைனா வெளியே வந்து அம்மாவிடம், “என்னைப் பாத்துக் கிண்டலா சிரிச்சாம்மே. பொழைச்சுக்கினா” என்றார். அம்மாவும் நம்பினாள். நானும் நம்பினேன்.

ஒன்பதாம் நாளைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குள் வேறு எதையாவது சொல்லிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. அதற்கப்புறம் கடையில் யாருக்காவது விரலில் அடிபட்டுப் பழக்கதோஷத்தில் கேனை எடுத்தால், நைனா பிடுங்கி வீசிவிடுவார். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அந்த ஆளைச் சைக்கிளில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போய் ஊசி போட்டுத்தான் திரும்புவார். சின்னக் கீறல்தானே என்று சிரித்தவர்களை அடிக்கவே போயிருக்கிறார். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தபிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். விஷம் அந்த ஆணியிலும் மாட்டுச் சாணியிலும் இருந்திருக்கும், எண்ணெயால் வந்தது என்று சொல்ல முடியாது, அன்றைக்கே ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார். ஊசியை வேண்டாமென்று தள்ளியது எண்ணெய்தானே என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அப்போது நைனாவும் இல்லை.

ஒன்பதாம் நாள் மதியம், சாப்பாட்டு நேரம். ஒரு சரக்கு வண்டி ஊதிக்கொண்டு போனது. நைனா வழக்கம்போல வேட்டியைச் சன்னலில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வண்டி போனபின் திரும்பிப் பார்த்தார். அக்கா வளையவில்லை. கட்டிலில் நேராக, எல்லோரும் படுப்பதுபோலப் படுத்திருந்தாள். அவர் முதலில் சந்தோஷப்பட்டார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, வாசற்படியில் நிறுத்தி, “பாரு, தூங்கறா” என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்.

அம்மாதான் கிட்டே போய்த் தொட்டாள். தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததை மீறித் தொட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

நைனா அவள் எதிரில் உட்கார்ந்தார். முந்தானையை மெல்ல வெளியே இழுத்தார். ஒன்பது நாளில் முதல் தடவையாக முழுக்குரலில் பேசினார். “சத்தம் போட்டு அழும்மே. இனிமே ஒண்ணும் ஆவாது. சத்தம் போட்டே அழு.”

அம்மா வாயைத் திறந்தாள். அடக்கி அடக்கிப் பழகிய தொண்டையில் கொஞ்ச நேரம் குரலே வரவில்லை. வந்தபோது அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸம்மா உதட்டில் விரலை வைத்தபடி ஓடிவந்தார். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. கட்டிலைப் பார்த்ததும் அவர் விரலை எடுத்துவிட்டார்.