கைராசிக்காரர் வைத்த செங்கல்

ஆரணியில் பேஸ்பால் கோச்சாக இருந்தவன் நான். சிரிக்காதீர்கள். பட்டுப்புடவைக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர் அது. அங்கே ஒரு தனியார் கலைக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்து, பல்கலைக்கழகக் கோப்பையை வருஷா வருஷம் தூக்கிக்கொண்டு வந்தேன். வெற்றிகரமான பயிற்சியாளர் என்று மேடை போட்டுச் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். எங்கள் தாளாளர் அரிசி மில் முதலாளி. மில்லில் சம்பாதித்ததைக் கல்லூரியில் போட்டவர். சேர்ந்த வாரமே கூப்பிட்டு அனுப்பினார்.

"மாஸ்டர், நீங்க இன்னா பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. ஆபீஸ் ரூம்ல வைக்க ஒரு கப்பு வேணும். அட்மிஷனுக்கு வர்றவன் அத்தப் பாக்கணும்."

கபடியில் கப்பு வாங்குவதா? சுற்றுப்பட்டு ஊர்களில் பிறந்ததிலிருந்து கபடி ஆடுகிறவர்கள் எல்லாம் அரசுக் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். கிரிக்கெட்டில் நகரத்துக் கல்லூரிகளை நெருங்க முடியாது. வாலிபாலில் கேட்கவே வேண்டாம். யோசித்து யோசித்துப் பார்த்தேன். யாரும் அதிகம் ஆடாத ஆட்டம் ஒன்று இருந்தது. படிக்கும் காலத்தில் நானே கொஞ்சம் ஆடியிருந்தேன். பேஸ்பால் என்றேன்.

"அது இன்னா ஆட்டமோ, கப்பு பெருசா இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கும் ஐயா. ஆனா கிரவுண்டு வேணும்."

கல்லூரிக்குப் பின்னால் சீமைக் கருவேலம் மண்டிய நிலம் கிடந்தது. ஜன்னல் வழியாக அதைக் காட்டி, "கப்பு வந்துகினு இருக்கிற வரைக்கும் அது உங்களுது மாஸ்டர். ஒருத்தனும் கை வைக்க மாட்டான்" என்றார். எழுத்தில் வாங்கினேனா? இல்லை. பெரிய மனுஷன் வாய்ச்சொல், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து நான் ஜெயித்த ஒவ்வொரு ஆட்டமும் அந்த நிலத்தைக் கையில் வைத்துக்கொள்வதற்காகத்தான். கோப்பை அவருக்கு, மைதானம் எனக்கு. கணக்கு சரியாகத்தானே இருந்தது!

முள் வெட்ட ஆள் கொடுக்கவில்லை. நானும் பையன்களும் வெட்டினோம். கருவேல முள் செருப்பைத் தாண்டிப் பாதத்தில் ஏறும். வேரைத் தோண்டினால் அடியில் கல், கல்லைப் பெயர்த்தால் அதற்கடியில் இன்னொரு வேர். இரண்டு கோடை விடுமுறை அதிலேயே போனது. கோடு போடச் சுண்ணாம்பு கேட்டால் ஆபீஸில் முறைப்பார்கள். தாளாளரின் மில்லிலிருந்தே உமிச் சாம்பலை மூட்டையில் கொண்டுவந்து கோடு போட்டோம். காற்றடித்தால் கோடு முகத்தில் வந்து விழும். என் மனைவி சட்டையைத் துவைத்துத் துவைத்து அலுத்துப் போய், "அந்த கிரவுண்டையே கட்டிகினு இருந்திருக்கலாமே, என்ன எதுக்குக் கட்டிகினு வந்தீங்க?" என்பாள். நான் அடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நின்றால் வம்பு.

கையுறைக்கு வேறு வழியில்லாமல் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தையல்காரரைப் பிடித்தேன். ஒரு பழைய கையுறையை மாதிரிக்குக் கொடுத்து, இதேபோல் டீமுக்கே தைத்துத் தாருங்கள் என்றேன். வேலை சுத்தம், தையல் கெட்டி. ஆனால் எல்லாமே வலது கைக்கு! பேஸ்பாலில் இடது கையால் பிடித்து வலது கையால் எறிய வேண்டும்.

"அய்யய்யோ, இடது கையால யாராவது ஒண்ண வாங்குவாங்களா சார்? நீங்க குடுத்த மாதிரிலதான் தப்புன்னு நெனச்சு நான் சரி பண்ணிட்டேன்" என்றார் அவர். நல்ல மனசோடு செய்தவரை என்ன திட்டுவது? முதல் வருஷம் முழுவதும் பையன்கள் வலது கையால் பிடித்து, கையுறையை உதறிப் போட்டுவிட்டு அதே கையால் எறிந்தார்கள். எதிரணிக்காரர்கள் சிரித்துச் சிரித்தே இரண்டு ஆட்டத்தைத் தோற்றார்கள்.

பையன்களில் பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். காலையில் கல்லூரி, மாலையில் தறி. பயிற்சிக்கு வா என்றால் அப்பா விட மாட்டார். ஆனால் அமாவாசை அன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். எங்கள் டீம் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக்கு மரியாதை கிடையாது, அமாவாசைக்குத்தான். பல்கலைக்கழகத்திலிருந்து நண்பர்கள் போன் செய்து, "உன் டீமுக்கு அடுத்த பிராக்டிஸ் எப்பப்பா?" என்றால் பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சொல்லுவேன். அதிலும் ஒரு தொல்லை. மதியம் படையல் போட்டு வடை பாயசத்தோடு சாப்பிட எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்தால் ஒருவனாலும் குனிந்து பந்தெடுக்க முடியாது. "சார், வயிறு சார்" என்று நெளிவார்கள். அவர்களோடு அப்பாக்களும் வேலையற்று வந்து வெயிலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "அடிச்சிட்டு இன்னாத்துக்குடா ஓடுறான் அவன்?" என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் தப்புத்தப்பாக விளக்குவார்.

அந்த அப்பாக்களில் ஒருவர்தான் எங்கள் பிட்சரின் அப்பா. மகனுக்கு நல்ல தோள், நல்ல நிதானம். அவன் பந்தைப் போட்டால் மட்டை காற்றைத்தான் அடிக்கும். ஒரு வருஷம் பல்கலைக்கழக அரையிறுதி அன்று காலையில்தான் அவர் வீட்டில் பாவு நீட்டும் வேலை. தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, வெயில் ஏறும் முன் சிக்கெடுத்துச் சரி பார்த்துச் சுருட்டிவிட வேண்டும். வீட்டில் இருக்கிற அத்தனை கையும் அதற்கு வேண்டும்.

"ஒரு ஆள் கொறஞ்சாலும் பாவு போயிடும் சார். உங்க ஆட்டம் அடுத்த வருசமும் வரும்" என்றார்.

"ஒரு ஆளுதானே? நான் நிக்கிறேன்" என்றேன்.

அவனை டீமோடு முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் தெருவில் நின்று பாவு பிடித்தேன். என் விரல் பட்ட இடமெல்லாம் இழை அறுந்தது. பையனின் அம்மா, "சார், நீங்க சும்மா குச்சியப் புடிச்சிகினு நில்லுங்க, அது போதும்" என்று கெஞ்சினார். வேலை முடிந்து அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் பாதி தாண்டியிருந்தது, நாங்கள் முன்னணியில் இருந்தோம். அந்த வருஷமும் கோப்பை.

இப்படியே வருஷங்கள் போயின. என் பையன்களில் சிலருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸில் வேலை கிடைத்தது, ரயில்வேயில் கிடைத்தது. கல்லூரியில் சேரக் கூட்டம் வந்தது. தாளாளர் அறையில் கோப்பைக்கு இடம் போதாமல் இரண்டாவது அலமாரி வாங்கினார். வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "நம்ம மாஸ்டருக்குக் கைராசி. தொட்டது தொலங்கும்" என்பார். நான் கால் கடுக்கக் கற்றுக்கொடுத்தது, பையன்கள் முட்டி தேய்த்தது எல்லாம் கைராசியாகிவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மைதானத்தின் வடகிழக்கு மூலையில் நாலு படி வைத்து ஒரு சின்ன கேலரி. வேடிக்கை பார்க்கிற அப்பாக்கள் உட்காரட்டும், வெளியூர் டீம் வந்தால் மரியாதையாக இருக்கட்டும் என்று. "பாக்கலாம் மாஸ்டர், பாக்கலாம்" என்று அவர் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், தொடர்ந்து எத்தனையாவது கோப்பை என்று எண்ணுவதையே விட்டுவிட்ட நேரம், இறுதியாட்டத்தில் ஜெயித்துத் திரும்பினோம். தாளாளர் என் தோளில் கை போட்டார். அதற்கு முன் போட்டதில்லை.

"மாஸ்டர், வர்ற அமாவாசைக்குப் பாராட்டு விழா. ஊரே லீவு, எல்லாம் வந்துரும். அப்படியே கட்டடத்துக்குப் பூஜையும் போட்டுரலாம். மொதக் கல்லு உங்க கையாலதான் வைக்கணும்."

கேலரி! வேறு எதை நினைப்பேன்? வீட்டுக்குப் போய் மனைவியிடம், "மனுஷன் மனசு எளகிட்டாரு" என்றேன். அவள்கூட அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. வேட்டி சட்டை எடுத்துவைத்தாள்.

அமாவாசை அன்று போனேன். உமிச் சாம்பல் கோட்டின் மேல் ஷாமியானா நின்றது. பூஜைக் குழி வடகிழக்கு மூலையில், நான் கேட்ட அதே இடத்தில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அட மடையா! எந்தக் கட்டடமானாலும் பூஜை போடுவது ஈசானிய மூலையில்தானே? வீடு கட்டினாலும் அங்கேதான், மாட்டுக்கொட்டகை கட்டினாலும் அங்கேதான். ஊரில் சின்னக் குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்தது, அவ்வளவுதான்.

மஞ்சள் குங்குமம் வைத்த செங்கல்லை ஐயர் என் கையில் கொடுத்தார். நான் குழியில் இறங்கி, பூவைத் தூவி, கல்லை வைத்தேன். கைதட்டினார்கள். பையன்கள் விசிலடித்தார்கள். ஏறி வந்ததும் எனக்குப் பட்டுப் பொன்னாடை போர்த்தி, தாளாளர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம கைராசிக்கார மாஸ்டர் கையால, இதோ இந்த எடம் முழுக்க, நாலு மாடியில நம்ம இன்ஜினியரிங் காலேஜுக்கு இன்னைக்கு அடிக்கல் வெச்சாச்சு!"

இந்த இடம் முழுக்க. கையை வீசிக் காட்டினார். அந்தக் கை பிட்சர் நிற்கும் மேட்டையும் தாண்டி, கடைசி வேலி வரைக்கும் போனது.

எழுந்து போய் மைக்கைப் பிடுங்கி, "கப்பு வந்துகினு இருக்கிற வரைக்கும் என்னுதுன்னு சொன்னீங்களே" என்று கேட்டிருக்கலாம். ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. நான் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தேன். பந்தியில் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்து கேட்டுவிட்டேன்.

"ஐயா, கிரவுண்டு?"

"மாஸ்டர், நீங்க கப்பு வாங்கித் தந்ததாலதானே இவ்ளோ கூட்டம் வருது? கூட்டத்த எங்க வைக்கிறது? அதான் அலமாரி நெறைய வாங்கிட்டீங்களே. போதும்" என்றார். கோபமே இல்லை அவரிடம். இலையில் எனக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொன்னார்.

அதுதான் என்னைக் கொன்றது. நான் தோற்றிருந்தால் அந்த நிலம் கருவேல முள்ளோடு அப்படியே கிடந்திருக்கும். கிடந்திருந்தால் என்றைக்காவது எவனாவது ஆடியிருப்பான். நான் ஜெயித்து ஜெயித்து அதை விலையேற்றிவிட்டேன். பையன்கள் மட்டையையும் கையுறையையும் பந்தி மேசைக்கு அடியில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். விழா முடிந்ததும் வழக்கம்போல் ஆடலாம் என்று எடுத்துவந்திருந்தார்கள், பாவிகள்.

அடுத்த வருஷம் ஆற்று மணலில் பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். மணலில் பந்து எழும்பாது, ஓடினால் கால் புதையும். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த வருஷம் டீமே அனுப்பவில்லை, அதையும் யாரும் கேட்கவில்லை.

கட்டடம் எழும்பியது. நாலு மாடியும் நிறைந்தது. ராசியான கைதான், சந்தேகமில்லை. ஆடுகளம் இல்லாத உடற்கல்வி இயக்குநரை என்ன செய்வது? ஒழுங்குப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி கொடுத்தார்கள். சட்டையை உள்ளே விட்டிருக்கிறானா, அடையாள அட்டை மாட்டியிருக்கிறானா, தாடி வைத்திருக்கிறானா என்று பார்ப்பது என் வேலை. நானும் பார்த்தேன். வீட்டில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், வேலையை உதறிவிட்டு எங்கே போவது?

ஒருநாள் தாளாளர் அறையிலிருந்து போன் வந்தது. "மாஸ்டர், வண்டி ஸ்டாண்டுல பசங்க பந்து போட்டுகினு இருக்கானுங்க. ஜல்தி போங்க, கண்ணாடி ஒடஞ்சிரப் போவுது."

போனேன். முதலாமாண்டு மாணவர்கள் நாலைந்து பேர், ஒரு டென்னிஸ் பந்து. நான் வந்ததை ஒருவன் கவனிக்கவில்லை. வண்டிகளுக்கு நடுவில் காலை ஊன்றி, தோளைத் திருப்பி, எதிர்ச் சுவரில் பெயின்ட் உதிர்ந்திருந்த இடத்தைப் பார்த்து எறிந்தான். சரியாக அங்கேயே பட்டது. திரும்பி வந்த பந்தை எடுத்து மறுபடி எறிந்தான். மறுபடி அங்கேயே. 'முழங்கையை இன்னும் கொஞ்சம் தூக்குடா' என்று நாக்கு நுனி வரை வந்தது.

"பந்தக் குடு" என்றேன்.

அவன் பயப்படவில்லை, கொஞ்சம் குழம்பித்தான் பார்த்தான். "சார், நீங்கதானே சார் பி.டி. சார்?"

"ஆமாம்" என்றேன். கையை நீட்டினேன். அவன் பந்தைக் கொடுத்துவிட்டுச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனான்.